குறை வைத்த தட்டு

நவம்பர் 9, ஞாயிறு

என் மனிசனின் எட்டுச்செலவு நேற்று முடிந்தது. லண்டனிலிருந்து வந்த சனம் எல்லாம் இன்று மத்தியானத்தோடு கிளம்பிவிட்டது. இனி இந்த வீட்டில் நானும் மகன் துவாரகனும்தான். ஆறு அறைகளிலும் ஆட்கள் படுத்து எழும்பிப் போயிருக்கிறார்கள். போர்வை தோய்த்து முடிக்கவே இந்த வாரம் போய்விடும். வாசல் கண்ணாடியில் "விடுதி மூடியிருக்கிறது" என்று துவாரகன் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறான்.

எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைக் கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். வயிறு நிறைந்தால் ஆள் தன் பாட்டில் போய்விடுவாராம். அவருடைய தங்கை செல்வராணி நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல், இடியப்பம், சொதி என்று லண்டன் ஈஸ்ட்ஹாமிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணைக்கு நண்டெண்டா உயிரெல்லோ" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மனிசனுக்கு நண்டு உயிராக இருந்தது பருத்தித்துறையில், மீசை அரும்பாத காலத்தில். வட இங்கிலாந்தில் இந்த ஸ்கார்பரோவுக்கு வந்து, கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்கு விடுதி நடத்தத் தொடங்கிய பிறகு, அவருடைய உயிர் வேறொரு தட்டில் இருந்தது. காலையில் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்து விருந்தாளிகளுக்கு அடுக்கிக் கொடுப்பாரே, அந்த இங்கிலீஷ்காரத் தட்டில். நெஞ்சில் குழாய் வைத்த பிறகு பயத்தில் அவரே அதை விட்டுவிட்டார். மற்றவர்களுக்குப் பொரித்துக் கொடுத்துவிட்டு, மூலையில் இருந்து ஓட்ஸ் கஞ்சி குடிப்பார்.

படையலில் பன்றி வைக்கச் சொல்லி நான் யாரிடம் போய்ச் சொல்வது? பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவக்காரி நான்.

நவம்பர் 11

நான்கு அறைப் போர்வைகள் முடிந்தன. மழை. எல்லாவற்றையும் சூடாக்கியில்தான் காயப்போட்டேன்.

விடியக் கீழே இறங்கி வரும்போது குசினிக்குள் பேக்கன், அந்தப் பன்றிக் கீற்று, பொரிகிற வாசம். அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. துவாரகன் மேலே நல்ல நித்திரை. "செத்தும் அடுப்படியை விட்டுப் போக மனமில்லையோ உங்களுக்கு?" என்று வாய்விட்டே கேட்டேன். கேட்ட பிறகுதான் பயந்தேன். பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

நவம்பர் 12

இன்றும் வாசம்.

செல்வராணிக்குப் போன் எடுத்தேன். வாசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், படையல் சரியாகத்தானே செய்தோம் என்று மட்டும் கேட்டேன். அவள் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். "ஏன் மச்சாள், ஏதும் குறை விட்டிட்டமோ? குறை விட்டா அதைத் தேடித் தேடி வருவினம். பசியோட வாற ஆக்கள், வீட்டில இருக்கிறவையைச் சும்மா விடமாட்டினம்" என்றாள். அப்படி ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பின்னேரம் இறைச்சிக் கடைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, கென் வழக்கமாக வாங்குவதுதானே என்று கேட்டு, தானே எடுத்துச் சுற்றினார். அவருடைய கனகேந்திரன் என்ற பெயர் இந்த ஊரில் கென் ஆகிப் பல காலம். பையை உடம்பில் படாமல், குழந்தையின் ஈரத்துணி பிடிப்பதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 13

படைத்துவிட்டேன்.

அவருடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அவருடைய சட்டியிலேயே செய்தேன். யாரும் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. அவர் பொரிக்க, தட்டம் ஏந்திக்கொண்டு குசினி வாசலில் நான் நின்ற நாட்கள் கொஞ்சமா? முதலில் சொசேஜ், சின்ன நெருப்பில், பொறுமையாக. பிறகு பேக்கன், ஓரத்துக் கொழுப்பு பொன்னிறமாக வரும்வரை. அந்தக் கொழுப்பில்தான் மற்ற எல்லாம். தக்காளியைப் பாதியாக வெட்டி முகம் குப்புறப் போட வேண்டும். காளான். பாண் ரொட்டியை முக்கோணமாக வெட்டிப் பொரிக்க வேண்டும். முட்டைக்கு மேலே கரண்டியால் சூட்டு எண்ணெய் அள்ளி ஊற்ற வேண்டும், மஞ்சள் உடையக் கூடாது. பீன்ஸ் தகரத்திலிருந்துதான், ஆனால் தட்டில் ஓடவிடாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில். பக்கத்தில் டோஸ்ட், மண்ணிறச் சோஸ், நல்ல சாயமான தேத்தண்ணி. உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ஹாஷ் பிரவுனை யாராவது கேட்டால் மனிசனுக்குக் கோபம் வந்துவிடும். "உது அமெரிக்காக்காரன்ர சாமான், என்ர தட்டில ஏறாது" என்பார். பருத்தித்துறைக்காரருக்கு இங்கிலீஷ்காரத் தட்டைக் காப்பாற்றுகிற வேலை!

பிளாக் புடிங்தான் முடியவில்லை. இரத்தம் வைத்துச் செய்த சாமான். கத்தி வைத்ததும் கையை இழுத்துக்கொண்டேன். அதைத் திரும்பச் சுற்றி பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன்.

யன்னலோரம் அவருடைய கதிரைக்கு முன்னால் தட்டை வைத்து விளக்குக் கொளுத்தினேன். பின் அறைக்குப் போய்ப் போர்வை தோய்க்கிற மெஷினை நிற்பாட்டிவிட்டு வந்தால், கதிரை மேசையிலிருந்து பின்னால் தள்ளி, கொஞ்சம் சரிந்து நிற்கிறது. அவர் இருந்து எழும்பினால் அப்படித்தான் நிற்கும். எத்தனை தரம் ஏசியிருக்கிறேன், கதிரையை உள்ளே தள்ளிவிட்டுப் போங்கோ என்று.

படைத்ததை வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும். நான் தொடமாட்டேன். துவாரகனைக் கூப்பிட்டு இருத்தினேன். அவன் காலையில் சீரியல் தவிர வேறு சாப்பிடாத பிள்ளை. எனக்காகப் பாதியைச் சாப்பிட்டான்.

நவம்பர் 14

வாசம் வந்தது. வராமல் என்ன செய்யும்? புடிங் வைக்கவில்லையே.

நவம்பர் 15

இன்று பல்லைக் கடித்துக்கொண்டு புடிங்கைப் பொரித்து வைத்தேன். மூன்று கறுத்த வட்டம். ஆனால் காளான் போட மறந்துபோனேன்.

கதிரை தள்ளி இருந்தது.

நவம்பர் 16

தக்காளி இல்லை. இருந்தது பழுக்கவில்லை.

நவம்பர் 17

பாண் பொரிக்க மறதி. இந்த வயதில் மறதி வருவது புதினமில்லை.

இன்று அடுப்படியில் நின்றபோது பின்னால் செருமல் கேட்டது. காலையில் தொண்டையைச் செருமிவிட்டு வானொலியைத் திருப்புவாரே, அந்தச் செருமல். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாரோ என்று முட்டைக்கு எண்ணெய் அள்ளி ஊற்றிக்கொண்டே கதை சொன்னேன். கூரைப் பீலி ஒழுகுகிறது, கதவு மணி வேலை செய்யவில்லை, உங்கடை தங்கை நண்டு வைச்சுக் கெடுத்தாள் என்று. எவ்வளவு நேரம் கதைத்தேனோ தெரியாது. முட்டை ஓரம் கருகிவிட்டது.

குளித்துவிட்டுப் பச்சைச் சேலை கட்டினேன். துவாரகன் ஏன் அம்மா இன்றைக்கு என்று கேட்டான். சும்மாதான்.

நவம்பர் 19

பீன்ஸ் வைக்கவில்லை.

துவாரகன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். தட்டை முழுக்க முடித்துவிட்டு இன்னும் இரண்டு சொசேஜ் இருக்கோ என்றான். எனக்குச் சந்தோஷம். தகப்பனைத் தரையில் கிடக்கக் கண்டவன் அவன்தான். அன்றிலிருந்து பிள்ளை ஒரு வாய் ஒழுங்காக வைத்ததில்லை. லீட்ஸில் வேலைக்கு அறிவித்து இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்திருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான்.

கடைசியில் பாண் துண்டால் தட்டை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துச் சாப்பிட்டான். அவரும் அப்படித்தான். ரத்தம் தானே, எங்கே போகும்.

நவம்பர் 20

அவருடைய கம்பளிச் சட்டையைத் துவாரகன் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். குளிர்கிறதாம். மூன்று சூடாக்கியும் போட்டுத்தான் இருக்கிறது. சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஒரு நொடி அவர்தான் இறங்கி வருகிறார் என்று நினைத்துவிட்டேன். பிறகு பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மஞ்சள் உடைந்துவிட்டது, ஆனபடியால் முட்டை வைக்கவில்லை.

நவம்பர் 22

பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்த துவாரகன் அப்படியே நின்றான். உள்ளே காளான் பெட்டிகள், தக்காளி, அரைவாசித் தகரம் பீன்ஸ், சுற்றியபடி புடிங். கொஞ்சம் அதிகமாகத்தான் சேர்ந்துவிட்டது.

"எல்லாம் இருக்கே அம்மா. பிறகேன் ஒவ்வொரு நாளும் ஒண்டை விடுறீங்கள்?"

அவசரத்தில் மறந்துபோகிறது என்றேன். அவன் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டு, பிரிட்ஜ் வெளிச்சம் முகத்தில் பட, மெதுவாகச் சொன்னான். "எனக்குப் பசிக்குதம்மா. எவ்வளவு திண்டாலும் பசிக்குது. முழுக்கத் திண்டுபோட்டு எழும்பேக்கையும் பசிக்குது."

பனிக்காலத்தில் எல்லாருக்கும் பசிக்கும்தான். அவனுடைய பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை குத்தியிருக்கிறான். இவ்வளவு சாப்பிட்டும் ஏன் இடுப்பு சிறுக்கிறது? கவலைப்படுகிற வயது, அதுதான்.

நாளைக்கு எல்லாவற்றையும் வைத்துவிடுவேன்.

நவம்பர் 23

டோஸ்ட் வைக்கவில்லை.

நவம்பர் 24

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் தட்டை வைத்து விளக்கேற்றிவிட்டு, அடுப்படியில் சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். இன்று விட்டது சோஸ். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. செருமல் கேட்டது. பிறகு குரல் கேட்டது.

"இஞ்சாரும், சோஸ் எங்க வைச்சனீர்?"

நான் "ஓம், இந்தா வாறன்" என்றேன்.

முப்பத்துநாலு வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். எனக்கு ஒரு துளி பயமும் இருக்கவில்லை, கடவுளறிய இருக்கவில்லை. என் மனிசன் என்னைக் கூப்பிடுகிறார் என்ற பூரிப்பு மட்டும்தான். அலுமாரியைத் திறந்து சோஸ் போத்தலை எடுத்து, கையைத் துடைத்து, தலையைக்கூட ஒருக்கால் தடவிக்கொண்டு திரும்பினேன்.

கதிரையில் இருந்தது துவாரகன்.

அவருடைய சட்டை. அவர் இருப்பதுபோல ஒரு தோள் தாழ்ந்து. தட்டைப் பார்த்தபடி கையை மட்டும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். தாயை எந்தப் பிள்ளை "இஞ்சாரும்" என்று கூப்பிடும்? இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு "வைச்சனீர்" என்று கேட்க யார் பழக்கியது? அவன் என்னை "நீர்" என்று ஒருநாளும் சொன்னதில்லை, அப்படிச் சொல்லிக் கதைத்த ஒரேயொருவரை எரித்தாயிற்று.

"தம்பி" என்றேன். திரும்பவில்லை. "துவாரகன், ராசா" என்று தோளைப் பிடித்து உலுப்பினேன். நித்திரையால் எழும்பினவன் மாதிரி என்னைப் பார்த்தான். என்னம்மா, ஏன் அழுகிறீங்கள் என்று கேட்டான். தோளில் எலும்பு என் கையில் குத்தியது.

நவம்பர் 25

உண்மையை எழுதினால் என்ன? எனக்கு மறதியில்லை. ஒருநாளும் மறக்கவில்லை. ஒன்று குறைந்தால் அடுத்த நாளும் வருவார், அவ்வளவுதான். முதல் நாள் புடிங்கைத் தொட முடியாமல்தான் விட்டேன். மற்ற நாள் எல்லாம் வேண்டுமென்றே. நாளைக்கும் வரட்டும், நாளன்றைக்கும் வரட்டும் என்று ஒவ்வொரு காலையும் எதை ஒளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டுதான் எழும்பினேன்.

பசித்த மனிசனுக்கு முன்னால் அரைத் தட்டை வைத்து இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தப் பசி போய் என் பிள்ளையின் வயிற்றில் இருந்திருக்கிறது.

செல்வராணிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவளும் அழுதாள். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். ஒன்றும் குறையாமல் வைக்க வேண்டும். பெடியன் தொடக் கூடாது. முழுத் தட்டையும் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வர வேண்டும். "வைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ மச்சாள். வரச் சொல்லாதேங்கோ, நீங்கள் பழக்கத்தில சொல்லிப்போடுவீங்கள்" என்றாள்.

நவம்பர் 26

சொசேஜ். பேக்கன். புடிங். தக்காளி. காளான். பொரித்த பாண். பீன்ஸ் கிண்ணத்தில். டோஸ்ட். சோஸ். தேத்தண்ணி. முட்டையை நான்கு தரம் உடைத்தேன், மஞ்சள் நிற்கவில்லை. ஐந்தாவது நின்றது. எல்லாம் வைத்து முடிந்த பிறகு பார்த்தால், உண்மையைச் சொன்னால், வடிவான தட்டு. அவர் அடுக்கினதுபோலவே இருந்தது.

துவாரகன் மேலே நித்திரை. அவன் இறங்குவதற்கு முன் துணியால் மூடித் தட்டத்தில் ஏந்திக்கொண்டு புறப்பட்டேன். கடற்கரை வீதியும் எங்கள் தெருவும் சந்திக்கிற இடத்தில் ஆட்கள் இருந்து கடல் பார்க்கிற ஒரு வாங்கு இருக்கிறது. சரியான காற்று. நாய் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரி என்னைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். பச்சைச் சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, பொரித்த பன்றியோடு நடக்கிற சைவக்காரியைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ.

வாங்குக் காலடியில் வைத்தேன். தேத்தண்ணியிலிருந்து ஆவி பறந்தது.

அவர் பக்கத்தில்தான் நின்றார். எனக்குத் தெரியும், அந்த ஏப்ரன் வாசம் வந்தது. "ஒண்டும் குறையில்லை. ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றேன். அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் ஒரு சொல் சொல்ல வேண்டுமே. எங்கள் வீட்டில் ஒருவர் படலை தாண்டினால் என்ன சொல்வோம்? கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கொழும்புக்குப் போனாலும் "போட்டு வாங்கோ", போய்விட்டுத் திரும்பி வாங்கோ என்றுதான். கல்யாணம் செய்த நாளிலிருந்து அவருக்கு நான் அதைத் தவிர வேறு சொன்னதில்லை. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அழுகையா, சொல்லா, எது வெளியே வரப் பார்த்தது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு கையை எடுத்தேன்.

"போங்கோ" என்றேன்.

அவ்வளவு சின்னச் சொல். பிறகு வீட்டை நோக்கி நடந்தேன். பின்னால் கடற்காகங்கள் இறங்குகிற சத்தம், தட்டு உருள்கிற சத்தம் எல்லாம் கேட்டது. நான் திரும்பவில்லை.

நவம்பர் 27

விடியக் குசினிக்கு வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சவர்க்கார வாசமும் நேற்றுத் துடைத்த நிலத்தின் ஈர வாசமும்தான். கதிரை நான் தள்ளி வைத்தபடியே உள்ளே இருந்தது. கொஞ்ச நேரம் அதற்கு முன்னால் நின்றேன்.

மனம் கேட்கவில்லை. மிஞ்சிக் கிடந்த ஒரு பேக்கன் துண்டைச் சட்டியில் போட்டு அடுப்பை மூட்டினேன். பொரிந்தது. வாசம் வந்தது. பன்றி வாசம், வேறு ஒன்றுமில்லை.

துவாரகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான், தன்னுடைய பழைய நீலச் சட்டையில். விடியக்காலமையிலேயே என்ன மணம் இது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தான். கிண்ணத்தில் சீரியலைக் கொட்டிப் பால் விட்டு, நின்றபடியே சாப்பிட்டான். முடியும்வரை நான் அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டேன்.

"காணும் அம்மா. வயிறு நிறைஞ்சிட்டுது."

சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், அவன் பார்க்காதபடி மதிலோடு சாய்ந்து நின்று, அவர் செத்த பிறகு முதல்தரமாக வாய்விட்டு அழுதேன்.